மலைமுகட்டிலிருந்து குளக்கட்டுவரை: மாத்தளையில் நீர் கடந்துவந்த வழி

இலங்கையின் மத்திய மாகாணத்தில் வடக்கு நோக்கிச் சரிந்து இறங்கும் மாத்தளை மாவட்டம், ஏறத்தாழ 2,000 சதுரக் கிலோமீற்றர் பரப்புக்குள் நாட்டின் மூன்று மழை வலயங்களையும் அடக்கி நிற்கிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நிலத்தை ஈரவலயம் என்றும், 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் பெறும் நிலத்தை உலர்வலயம் என்றும், இவற்றுக்கு நடுப்பட்டதை இடைவலயம் என்றும் புவியியலாளர் வகுப்பர். இரத்தோட்டைக்கு மேலே முகிலில் நனைந்தபடி நிற்கும் நக்கிள்ஸ் காடும், தம்புள்ளையிலும் கலேவெலயிலும் குளத்து நீரின் அளவைப் பார்த்துப் பார்த்து விதைக்கப்படும் வயலும் ஒரே மாவட்டச் செயலகத்தின் ஆளுகைக்குள் வருவது இதனாலேயே. தென்மலையில் பெய்யும் மழையை வடசமவெளியின் வயலுக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி என்ற கேள்வி, இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்நிலத்தின் வரலாற்றை நடத்தி வந்திருக்கிறது. அந்த வரலாற்றைக் கால வரிசையில் நோக்கினால், நீரின் பாதையில் மனிதரின் கை படும் இடம் மெல்ல மெல்ல மேலேறி வந்திருப்பது புலனாகும். முதலில் ஆறு சமவெளியைத் தொடும் இடத்தில் அணை எழுந்தது. பின்னர் ஆறு பிறக்கும் காட்டில் கோடரி விழுந்தது. அதன்பின் ஓர் ஆற்றின் நீரைச் சுரங்கத்தின் வழியே மற்றோர் ஆற்றில் சேர்க்கும் வலிமை வந்தது. இன்று மழையைத் தரும் வளிமண்டலமே மனிதச் செயலால் மாறிக்கொண்டிருக்கிறது.

கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் நீர் ஆவியாகி எழுவதும், தாவரங்கள் வேரால் உறிஞ்சிய நீரை இலைகளின் வழியே ஆவியாக வெளிவிடுவதும், அவ்வாவி உயரத்தில் குளிர்ந்து ஒடுங்கி முகிலாவதும், முகில் மழையாகப் பொழிந்து, ஒரு பகுதி மண்ணுக்குள் ஊடுவடிந்து நிலத்தடி நீராகவும் மறுபகுதி மேற்பரப்பில் வழிந்தோடி ஆறாகவும் கடலை அடைவதும் ஆகிய தொடரை நீரியல் வட்டம் என்பர். தாவரங்களின் பங்காகிய ஆவி வெளியேற்றத்துக்கு ஆவியுயிர்ப்பு என்று பெயர். பாடநூல்களில் ஒரே வளையமாக வரையப்படும் இவ்வட்டம், மாத்தளையில் மலையின் அமைப்பினால் தனித்த வடிவம் பெறுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று, டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்று ஆகிய இரண்டுக்கும் குறுக்காகவே நக்கிள்ஸ் தொடர் அமைந்திருப்பதால், இரு காற்றுகளும் அதன்மீது மோதி மேலெழுந்து மழையைக் கொட்டுகின்றன. மலைக்கு மறுபுறம் இறங்கும்போது அவை ஈரம் இழந்தவையாகின்றன. இப்படி மலையின் மறைவால் மழை குறையும் பக்கத்தை மழை நிழற் பிரதேசம் என்பர்.

மழை மட்டுமே அம்மலையின் வரவு எனக் கொள்வது தவறு. ரிவர்ஸ்டன் முதல் கொம்பானியா சிகரம் வரையிலான முகட்டுப் பகுதிகளில், ஓயாத காற்றினால் குறுகி வளர்ந்த மரங்களைக் கொண்ட முகிற்காடுகள் உண்டு. மழை பெய்யாத நாளிலும் அக்காட்டினூடே முகில் தவழும்போது, பாசியும் படர்ந்த பன்னமும் மூடிய கிளைகளில் நுண்திவலைகள் படிந்து, ஒன்றுசேர்ந்து, துளியாகி, அடிமரத்தின் வழியே மண்ணுக்குள் இறங்குகின்றன. மழைமானியில் பதிவாகாத இந்த வரவே கோடையிலும் ஊற்றுகளை வற்றாமல் காக்கும் சேமிப்பின் ஒரு கூறு. காடு அகற்றப்பட்டால் முகில் அதே உயரத்தில் தவழ்ந்தாலும், அதைப் பிடித்து நீராக்கும் கிளைகள் இல்லாமற் போகின்றன. மாத்தளையின் நீர் வரலாற்றில் முகட்டுக் காட்டுக்கு அணைக்கட்டுக்கு நிகரான இடம் தரப்படவேண்டியது இக்காரணத்தாலேயே. ஆனால் வரலாற்று நூல்கள் அணைகளைப் பாடிய அளவுக்குக் காட்டைக் கவனித்ததில்லை.

வறட்சி இம்மண்ணுக்குப் புதிதன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் அரசுரிமை இழந்து மறைந்து வாழ்ந்ததும் ஐந்து தமிழ்த் தலைவர்கள் அனுராதபுரத்தை அடுத்தடுத்து ஆண்டதுமான காலத்தையொட்டி, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த பெரும் பஞ்சம் ஒன்றை பௌத்த மரபு நினைவுகூர்கிறது. திரிபிடகத்தை மனப்பாடமாகக் காத்து வந்த துறவிகள் பசியால் மடிந்தும் கடல் கடந்தும் சிதறியதால், அம்மறை முழுவதும் அழிந்துபோகலாம் என்ற அச்சம் எழுந்தது. பின்னர் மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் அது முதன்முறையாக ஏட்டில் எழுதப்பட்டது. போரும் வறட்சியும் சேர்ந்த அந்த நெருக்கடியே வாய்மொழி மரபை எழுத்துக்கு மாற்றிற்று என்பதால், நீர் வற்றியதன் விளைவு உலக சமய வரலாற்றில் பதிந்த இடமாக மாத்தளையைக் குறிப்பிடுவது மிகையாகாது. அரசன் ஒளிந்திருந்ததாகக் கூறப்படும் தம்புள்ளைக் குகைகளின் நெற்றியில், மழைநீர் பாறையோடு வழிந்து உள்ளே புகாதவாறு வெட்டப்பட்ட நீர்வடி விளிம்புகள் இன்றும் தெளிவாக உள்ளன. மழையைத் தடுக்கவும் தேக்கவும் ஒருசேர அறிந்திருந்த மக்களின் கைவேலை அது.

அவர்களுடைய பெரும்பணி அம்பன் கங்கையில் தொடங்கிற்று. மாத்தளைப் பள்ளத்தாக்கில் சுது கங்கை எனப் பெயர் பெற்று வடக்கே பாயும் இவ்வாறு, பழைய நூல்களில் கார கங்கை எனப்பட்டது. இது மலையை விட்டு இறங்கும் எலஹெரவில், கி.பி. 67 முதல் 111 வரை ஆண்ட வசபன் காலத்தில் குறுக்கணை கட்டி வாய்க்கால் வெட்டப்பட்டதாக மரபு கூறும். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மகாசேனன் அவ்வாய்க்காலை நீட்டி மின்னேரிக் குளத்துக்கு நீர் கொண்டுசென்றான். பின்வந்த அரசர்கள் அதனைக் கிரித்தலை, கவுடுல்ல, கந்தளாய் ஆகிய குளங்களோடு பிணைத்தனர். 1930களில் இப்பழைய பணிகளை நில அளவையாளரான ஆர். எல். புரோகியர் விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். நக்கிள்ஸ் மலையில் விழுந்த துளி, திருகோணமலைக்கு அருகிலுள்ள வயல்வரை மனிதர் வகுத்த பாதையில் சென்றது என்பதையே இத்தொடர் காட்டுகிறது. சீகிரியாவில் ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த நீர்ப் பூங்காவின் ஊற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் தாமாகவே பொங்குவது, நீரழுத்தத்தைப் பற்றிய அக்காலத்தவரின் தேர்ச்சிக்குச் சான்று. ஆயினும் அது அரச மாளிகையின் அலங்காரமே. சோறளித்த பொறியியல் வேறிடத்தில் இருந்தது.

அந்த இடம் கிராமக் குளம். தம்புள்ளை, கலேவெல, சீகிரியாப் பகுதிகளில் ஒரு சிற்றோடையின் போக்கில் மேலிருந்து கீழாக அடுத்தடுத்துக் கட்டப்பட்ட சிறு குளங்களின் தொடரைச் சிங்களத்தில் எல்லங்காவ என்பர். மேற்குளத்தின் வயலில் பாய்ந்து வடிந்த நீர் அடுத்த குளத்தில் சேர்ந்து, அதன்கீழுள்ள வயலுக்கு மீண்டும் பயன்படும். ஆகவே ஒரே மழை கடலை அடையுமுன் பல கைகள் மாறும். புவியியலாளர் மத்தும பண்டார 1985 இல் இத்தொடரின் நீரியலை விளக்கி எழுதிய பின்னரே அறிவுலகம் அதனை ஒரு முழுமையான அமைப்பாகக் காணத் தொடங்கியது. 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு அதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. இதன் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயரும் தனிப்பணியும் உண்டு. குளத்துக்கு நீர் வந்துசேரும் பக்கத்துக் கரையில் வளர விடப்பட்ட மரத்தொகுதி கஸ்கொம்மன. அது காற்றின் வேகத்தைத் தணித்து நீர் ஆவியாவதைக் குறைத்தது. அதற்கு அப்பாலுள்ள புற்பட்டையாகிய பெரஹன, ஓடிவரும் நீரிலுள்ள வண்டலை வடித்தது. பெருங்குளத்துக்கு மேலே வயலே இல்லாத ஒரு சிறுகுளம் குளுவெவ என்ற பெயரில் விடப்பட்டது. வண்டலை ஏற்பதும் காட்டு விலங்குகளுக்கு நீரளிப்பதுமே அதன் வேலை. கட்டுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட கட்டகடுவ என்னும் செடிப் பற்றை, கசிந்து வரும் நீரிலுள்ள உப்பை வயலுக்குச் செல்லவிடாமல் தன்னுள் வாங்கிற்று.

இவ்வமைப்பின் உயிர்நிலை அதன் சமூக ஒழுங்கில் இருந்தது. குளம் அரைகுறையாக நிரம்பிய ஆண்டில் பெத்ம என்னும் வழக்கம் நடைமுறைக்கு வரும். அதன்படி, கட்டுக்கு அண்மையிலுள்ள வயற்பகுதி மட்டுமே விதைக்கப்படும். ஆனால் அந்நிலம் எவருக்குரியது என்று பாராமல், ஊரின் நிலவுரிமையாளர் அனைவருக்கும் அந்தப் போகத்துக்காக அது பங்கிடப்படும். நீர் குறைந்தால் நிலமும் குறையவேண்டும், ஆனால் எவருடைய பங்கும் அற்றுப்போகக்கூடாது என்ற இந்த ஏற்பாடு, மழை பொய்ப்பதை விதிவிலக்காகக் கருதாமல் வாழ்வின் வழமையான பகுதியாகவே கணக்கிட்டது. வெல்விதானை என்ற நீர்ப்பொறுப்பாளர் மடை திறக்கும் முறையைக் கண்காணித்தார். வரப்பையும் வாய்க்காலையும் குளக்கட்டையும் பேணுவது ஊரார் அனைவரதும் கடமையாக இருந்தது. பிரித்தானியர் 1832 இல் இராஜகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியத்தை ஒழித்தபோது, கொடுமையான சில சுமைகளோடு இந்தப் பராமரிப்புக் கடமையும் சட்ட வலுவை இழந்தது. பல குளங்கள் உடைந்து தூர்ந்தன. 1856 இல் நீர்ப்பாசனச் சட்டம் இயற்றி ஊர்வழமைகளுக்கு மீண்டும் ஏற்பளிக்க வேண்டிய நிலை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது, இழப்பு எவ்வளவு பெரிது என்பதை உணர்த்தும்.

இதே காலத்தில் மலையின் மேற்பகுதியில் வேறொரு மாற்றம் விரைந்து நடந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டு நிலத்தையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாகக் கொண்டது; ஏக்கர் 5 ஷில்லிங் வீதம் அந்நிலம் தோட்டக்காரரின் கைக்குச் சென்றது. கோப்பிச் செடி ஏறத்தாழ 2,000 அடி முதல் 5,000 அடி வரையிலான உயரத்தில் செழித்து வளரும் என்பதால், மாத்தளையின் கிழக்கு மலைச்சரிவுகள் அதற்கு ஏற்றவையாகக் கருதப்பட்டன. அவற்றில் காடழித்த முறையைத் தோட்டத்துரைமாரின் அக்காலக் கைநூல்கள் விவரிக்கின்றன. சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரமும் பாதியளவு வெட்டி நிறுத்தப்படும். முகட்டிலுள்ள மரங்கள் கடைசியில் முழுவதும் வெட்டப்பட்டுச் சாயும்போது, கொடிகளால் ஒன்றோடொன்று பிணைந்த காடு முழுவதும் தொடராக முறிந்து சரிவின்மீது விழும். சில வாரங்கள் காய்ந்த பின் அதற்கு நெருப்பு வைக்கப்படும். பல நூற்றாண்டுகளாக மழையைத் தாங்கி மண்ணுக்குள் மெல்ல இறக்கிய இலைக்கூரையும் சருகுப் படுக்கையும் ஒரே கோடையில் சாம்பலாயின. 1870களின் இறுதியில் இலங்கை முழுவதும் கோப்பி பயிரிட்ட நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கராக இருந்தது.

மரம் வெட்டும் வேலையைப் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் சிங்களக் கிராமத்தவர் செய்தனர். நடுவதற்கும் களை எடுப்பதற்கும் பழம் பறிப்பதற்கும் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்த வடபாதை, அவர்களில் பலருக்கு முடிவுறாத பாதையாயிற்று. உலர்வலயக் காட்டினூடே குடிநீரின்றியும், கிடைத்த அழுக்குநீரால் வந்த வாந்திபேதியினாலும், மலேரியாவினாலும் மாண்டவர்கள் வழியெங்கும் கிடந்தனர். நீர் இல்லாமையும் தூய நீர் இல்லாமையும் அம்மக்களின் வரலாற்றில் முதற்பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. தப்பி வந்தவர்கள் கண்ட முதல் மலைநகரம் மாத்தளை. அங்கே வயல்நிலத்தின் நடுவே அவர்கள் வழிபட்ட தெய்வம் முத்துமாரி. 1874 இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியோடு எழுந்த முத்துமாரியம்மன் கோயில், மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதி வலம் வரும் பெருந்தலமாக வளர்ந்தது. மாரி என்ற சொல்லுக்குப் பொருளே மழை. வெப்பு நோய்க்கும் வான் பொய்த்தமைக்கும் அஞ்சிக் கரகம் எடுத்த மக்கள், தாங்கள் உழைத்த மலையின் காடு குறைந்ததற்கும் மழை குறைந்ததற்கும் இடையிலான தொடர்பை வழிபாட்டின் மொழியிலாவது உணர்ந்திருந்தனர் எனக் கொள்ள இடமுண்டு.

அத்தொடர்பைக் குடியேற்ற ஆட்சியின் அறிவியலாளரும் உணரத் தொடங்கியிருந்தனர். காடழிந்தால் ஊற்று வற்றும், ஆறு பெருக்கெடுத்து அடங்கும், மழையும் குறையும் என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொரீசியசு முதல் இந்தியா வரை பேசப்பட்டது. இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையின்படி, 1873 இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்காது காப்பது என்ற கொள்கை இலங்கையில் ஏற்கப்பட்டது. காலநிலையைக் காப்பதற்காகக் காட்டை ஒதுக்குதல் என்ற எண்ணம் அக்காலத்துக்கு முன்னோடியானதே. ஆனால் அந்தக் கோடு வரையப்பட்ட உயரத்தைக் கவனிக்கவேண்டும். கோப்பி இலாபம் தரும் நிலம் எங்கே முடிகிறதோ, பெரும்பாலும் அங்கேயே காப்பும் தொடங்கிற்று. நக்கிள்சின் மிக உயர்ந்த கொம்பானியா 1,906 மீற்றர்தான். 5,000 அடி என்பது 1,524 மீற்றர். ஆகவே அக்கொள்கை மாத்தளையில் மலையின் முடியைக் காத்தது, தோளையும் மார்பையும் கைவிட்டது. ஊற்றுக்கண்களில் மிகுந்த பங்கு அக்கைவிடப்பட்ட சரிவுகளிலேயே இருந்தது.

1869 இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. 1880 இல் மாத்தளைக்கு வந்த புகையிரதப் பாதை, கோப்பிக்காக இடப்பட்டு, அதன்பின் தேயிலை, கொக்கோ, இறப்பர் ஆகியவற்றைச் சுமந்தது. பயிர் மாறியதே தவிரச் சரிவு மீண்டும் காடாகவில்லை. தோட்டங்களில் ஒரு புல்லும் தெரியாதவாறு மண்வெட்டியாலும் சுரண்டியாலும் களை நீக்கும் முறை நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகப் போற்றப்பட்டது. வெறுமையான மண்ணில் நேரே விழுந்த மழைத்துளி, வளமான மேல்மண்ணைக் கரைத்து ஆற்றில் சேர்த்தது. கான் என்று தோட்டத் தமிழில் வழங்கும் வடிகால்கள் சரிவெங்கும் வெட்டப்பட்டன. அவை மண்ணைக் காக்க வெட்டப்பட்டவையாயினும், மண்ணுக்குள் இறங்கவேண்டிய நீரை விரைவாக ஓடைக்குக் கடத்தின. நிலைமையின் கடுமையை 1931 இல் அரசு அமைத்த மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை பதிவு செய்தது. மண் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 1951 வரை இருபது ஆண்டுகள் கடந்தன. மழையின் அளவு மாறாதிருந்தாலும், ஊடுவடிதல் குறைந்து வழிந்தோடல் கூடினால் மாரியில் வெள்ளமும் கோடையில் வறண்ட ஊற்றுமாக ஆற்றின் இயல்பு மாறிவிடும். லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளுக்கு அருகே மூங்கிலோ குழாயோ வைத்து ஊற்று நீரை இறக்கும் பீலிகள், இம்மாற்றத்தை மிக நுட்பமாகக் காட்டும் கருவிகள். பீலியில் நீர் நூலாக மெலிந்தால், மேலே மண்ணின் சேமிப்பு குறைந்துவிட்டது என்று பொருள்.

விடுதலைக்குப் பின்வந்த அரசுகள் பழைய மன்னர்களின் கனவை எந்திர வலிமையோடு தொடர்ந்தன. மகாவலித் திட்டத்தின் முதற்கட்டமாக 1976 இல் பொல்கொல்லையில் மகாவலி ஆறு மறிக்கப்பட்டு, அந்நீர் மலைக்கடியில் 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே உக்குவெல மின்நிலையத்தை அடைந்து, சுது கங்கையில் விடப்பட்டது. அங்கிருந்து போவத்தென்னை நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, மற்றொரு சுரங்கத்தின் மூலம் கலா ஓயாப் படுகைக்கும் கலாவெவைக்கும் செல்கிறது. மாத்தளை நகரின் பாலத்தின்கீழ் ஓடும் நீரில் அன்றுமுதல் நுவரெலியா மலைகளின் மழையும் கலந்திருக்கிறது. நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த நாலந்தை கெடிகே, பல்லவர் பாணியின் சாயல் கொண்ட அந்தக் கற்றளி, கல் கல்லாகக் கழற்றப்பட்டு உயர்ந்த இடத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. 2018 இல் அம்பன் கங்கையின் குறுக்கே மொரகஹகந்தை நீர்த்தேக்கமும், அதன் கிளையாகிய களு கங்கையில் மற்றொன்றும் பயன்பாட்டுக்கு வந்தன. முன்னதன் கொள்ளளவு 570 மில்லியன் கன மீற்றர், பின்னதன் கொள்ளளவு 248 மில்லியன் கன மீற்றர். பழைய லக்கல நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீருக்குள் சென்றன. மக்கள் புதிய நகருக்கும் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தனர்.

இப்பணிகளின் நன்மை பெரிது. அதை மறுப்பது நன்றன்று. இரண்டு போகமும் விளையும் வயல்களும், குடிநீர் பெறும் ஊர்களும் அதற்குச் சான்று. ஆனால் ஒரு விளைவு உரிய கவனம் பெறவில்லை. பழைய எல்லங்காவக் குளம் தன் ஊரில் பெய்த வடகீழ் மழையை நம்பியிருந்தது. இன்று அனுராதபுர மாவட்டத்தின் சிறுபோகம், நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மலைகளில் பெய்யும் தென்மேல் மழையையும் நம்பியிருக்கிறது. மலையில் அப்பருவம் பிழைத்தால் சமவெளியின் பல இலட்சம் மக்கள் ஒருசேரத் தாக்குறுவர். மலைச்சரிவின் மண்ணோ நீரோடு வந்து தேக்கங்களின் அடியில் படிகிறது. குளுவெவ செய்த வேலையைச் செய்யும் உறுப்பு எதுவும் பெருந்தேக்கங்களின் வடிவமைப்பில் இல்லை. மேலேயுள்ள காடுதான் அவற்றின் குளுவெவ.

அக்காட்டிலும் இருபதாம் நூற்றாண்டில் ஏலக்காய் நுழைந்தது. மர விதானத்தை நிழலுக்கு விட்டு, அடிக்காட்டை முழுவதும் வெட்டி ஏலம் நடப்பட்டது; காயை உலர்த்தும் கூடங்களுக்கு அதே காட்டின் விறகு எரிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு நின்றது போலவே தோன்றும். ஆனால் நாற்றுமரங்கள் இல்லாத காடு தன்னைப் புதுப்பிக்க முடியாத காடு. 2000 ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாப்புக் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் மத்திய உயர்நிலங்களின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சமவெளியில் அதே காலத்தில் வேறொரு போக்கு வலுப்பெற்றது. 1989 முதல் அரச ஊக்குவிப்புடன் விவசாயக் கிணறுகள் பெருகி, தம்புள்ளையும் கலேவெலயும் பெரிய வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் பேர்பெற்றன. அங்குள்ள நிலத்தடி நீர், கடும்பாறையின் மேல் சில மீற்றர் தடிப்பேயுள்ள சிதைந்த மண்படையில் தங்குவது. அதை நிரப்புவதும் பெருமளவுக்கு அருகிலுள்ள குளத்தின் கசிவே. குளம் தூர்ந்த ஊரில் கிணறு மட்டும் நிலைக்காது.

காலநிலை மாற்றம் இந்த நீண்ட வரலாற்றின் மீதே வந்து விழுகிறது. கரியும் எண்ணெயும் எரிப்பதால் வளிமண்டலத்தில் சேரும் வாயுக்கள் புவியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கின்றன. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டின் சராசரி வெப்பநிலை, 1850 முதல் 1900 வரையிலான காலத்தைவிட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியசு கூடுதல் என்று ஐக்கிய நாடுகளின் காலநிலை அறிவியற் குழு 2021 இல் அறிவித்தது. வெப்பம் ஒரு பாகை கூடினால், காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். இதன் பொருள் இருமுகமானது: தாகம் மிகுந்த காற்று வறண்ட நாட்களில் குளத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் கூடுதலாக நீரை எடுக்கும், பொழியும் நாளில் அதைக் கொட்டித் தீர்க்கும். ஆண்டு மழையின் மொத்தம் பெரிதும் மாறாமலே வறட்சியும் வெள்ளமும் ஒருங்கே கடுமையாவது இவ்வாறே. முகிலின் அடிமட்டம் வெப்பத்தால் மேலே நகர்ந்தால், முகிற்காடு நிற்குமிடத்திலேயே நின்று தன் நீர்வரவை இழக்கும். கொம்பானியாவுக்கு மேல் அது ஏறிச் செல்ல மலை இல்லை.

இவ்விரு முகங்களையும் மாத்தளை அண்மையில் கண்டது. 2016 இலும் 2017 இலும் நாடு நாற்பது ஆண்டுகளில் மிகக் கொடிய வறட்சியைச் சந்தித்தபோது உலர்வலயக் குளங்கள் வெடித்த சேறாயின, பெரும்போக நெல் பெருமளவு பொய்த்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தீவைக் கடந்தபோது மலையகமெங்கும் சரிவுகள் இடிந்து விழுந்தன. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர், மாத்தளையும் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் ஒன்று. ஒரு புயலின் மூலகாரணத்தைக் கோப்பிக் காலத்துக் கோடரியிடம் மட்டும் தேடுவது பிழை. எனினும் ஆழ வேரூன்றிய காடு நின்ற சரிவும், ஒன்றரை நூற்றாண்டாக மண்ணை இழந்து வீடும் வீதியும் வெட்டப்பட்ட சரிவும் ஒரே மழையை ஒரே விதமாகத் தாங்குவதில்லை. வானம் மாறியதற்கு உலகம் பொறுப்பு. அம்மழை விழும் நிலம் நலிந்ததற்கு இந்நாட்டின் நிலக் கொள்கைகள் பொறுப்பு. இரண்டையும் பிரித்தறியாமல் எல்லாப் பழியையும் காலநிலை மாற்றத்தின்மேல் ஏற்றிவிடுவது வசதியானது, ஆனால் உண்மையன்று.

ஆகவே மாத்தளையின் நீர்த்திட்டம் அணைக்கட்டில் தொடங்கி வாய்க்காலில் முடிவதாக இனியும் இருக்கலாகாது. கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகளை மீண்டும் காடாக்குவதும், கஸ்கொம்மனவையும் குளுவெவயையும் உயிர்ப்பித்துக் கிராமக் குளங்களைத் தூர்வாருவதும், மொரகஹகந்தை அணைக்குத் தந்த அதே அக்கறையோடு செய்யப்படவேண்டிய நீர்ப்பாசன வேலைகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ளவையாக வரையறுத்த மாவட்டங்களுள் மாத்தளையும் அடங்கும். எல்கடுவ, கம்மடுவ, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் நூறாண்டு கடந்த லயன்கள் செங்குத்தான சரிவுகளை ஒட்டியே நிற்கின்றன. அங்கு வாழும் மக்கள் எங்கே குடியிருப்பது என்பதைத் தாமே தெரிந்தெடுத்தவர்கள் அல்லர்; அவர்களுக்குச் சொந்தமாக நிலமும் இருந்ததில்லை. வீட்டுக்கெனப் பேர்ச் கணக்கில் அவர்களுக்கு நிலம் பகிரும்போது, அந்நிலம் சரியாத நிலமாகவும், வற்றாத பீலி ஒன்றின் அருகிலுள்ள நிலமாகவும் இருக்குமாறு பார்த்துக்கொள்வதை, அடுத்த வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி வருமுன்னரே மாவட்ட நிர்வாகமும் தோட்ட நிர்வாகங்களும் தொடங்கவேண்டும்.